கோரம்

டண்டீ. செவ்வாய், மாலை ஆறரை.
தேவாலயப் பின்கூடத்தில் ஹீட்டர் பாதிதான் எரிகிறது.
அறங்காவலர் நால்வர் வந்திருக்கிறோம்.
விதிப்படி ஐவர் வேண்டும்.

"கோரம் இல்லை" என்றாள் இஷ்பெல்.
ஒன்பது வருடமாகக் கோப்பை தொடாத கை
பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தது.

காலி நாற்காலி லக்லனுடையது.
பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறவன்.
போன வாரம் சட்டைக்கையை மடித்துக் காட்டியபோது
ஒரு பொடியன் கேட்டான்: "வலிச்சுதா?"
"வலிக்கல. அதான் வினை."

போனை அவன் எடுக்கவில்லை.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
டூகல் கணக்கு நோட்டை மூடினார்.
மூக்கில் அடிக்கும் நாலாக்சோன்
பையில் இருக்கிறதா என்று
இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடி.
தட்டினோம். வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, தாழ்வாக, கதவின் அடிப்பக்கத்திலிருந்து:
"ராஜினாமா எழுதிட்டிருக்கேன்."

"எழுது" என்றாள் இஷ்பெல், மூச்சு வாங்க.
"அதை ஏத்துக்கவும் அஞ்சு பேர் வேணும்."

ஈரப் படிகளில் உட்கார்ந்தோம்.
நான் குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்:

இடம்: ஒன்பதாம் மாடிப் படிக்கட்டு.
வந்திருந்தோர்: நால்வர்,
கதவுக்குப் பின்னால் ஒருவர்.