நூற்றுப்பத்து பாகை

ஆன்டாப் ஹில். ஏழாவது மாடி.
பதினோரு அடிக்குப் பதின்மூன்று கூடம்.
சோஃபா போட்டால்
டீப்பாய்க்கு இடமில்லை என்று
பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன வீட்டில்
இன்று ஐந்து ஸ்பீக்கர்,
ஆட்டுக்கல் கனத்தில் ஒரு சப்வூஃபர்.

“ஏட்டி, அசையாம இரி.”
சோஃபாவின் நடுவில் என்னை உட்காரவைத்து
காது மட்டத்தில் நூல் பிடிக்கிறான் செல்வின்.
மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானி,
என் மடியில் ஓர் அட்டையில் ஒட்டியிருக்கிறது.
முன்னால் இடது முப்பது, வலது முப்பது.
பேச்சு வருவது நேர் எதிரே, டிவிக்கு அடியில்.
திரையிலிருந்து என் மூக்கு எட்டரை அடி.
கம்மலில் முடிச்சுப் போடாத குறை.

கல்யாணத்தன்று சர்ச்சில்கூட
இவ்வளவு நேரம் என் முகத்தை அவன் பார்க்கவில்லை.
இப்போதும் பார்ப்பது
முகம் இருக்கும் இடத்தைத்தான்.

பின் ஸ்பீக்கருக்கு நூற்றுப்பத்து பாகை.
வலப்பக்கம் ஆணி ஏறியது, காலண்டர் இறங்கியது.
இடப்பக்கம் நூல் போய் நின்ற இடத்தில்
சுவரே இல்லை. அடுக்களை வாசல்.
ஸ்பீக்கரை இரு கையிலும் ஏந்தி
பால் கடன் கேட்க வந்தவன்போல் நிற்கிறான்.
“ஃப்ரிட்ஜ் மேல வையுங்க” என்றேன்.
சாம்பார்பொடி டப்பா நகர்ந்தது.

அந்த இடம் எனக்குத் தெரியும்.
கேஸ் தீர்ந்துபோச்சு என்றது அங்கிருந்து.
உங்க அக்கா போன் என்றது.
கை சுட்டுக்கிட்டேன் என்றதும்.
கூடத்தில் ஒரு தலையும் திரும்பியதில்லை.
கோணத்தில் பிழையில்லை என்று
இன்று தெரிகிறது.

சப்வூஃபருக்குப் பாகை கிடையாதாம்.
என்னை எழுப்பிவிட்டு, அதை என் இடத்தில் ஏற்றி,
விடாமல் முழங்கவிட்டு
நாலு காலில் தவழ்கிறான்,
தரையோடு காதை வைத்து, மூலைக்கு மூலை.
எங்கே நன்றாகக் கேட்கிறதோ
அங்கேதான் பிறகு அதை வைக்க வேண்டுமாம்.
ஜெனிலா சிரித்துச் சிரித்து விக்குகிறாள்.
செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் போய் “இங்கதான்!” என்றான்.
கீழ்வீட்டு ஷிரோட்கர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை மூன்று தட்டுத் தட்டினார்.
அது இதைவிட நன்றாகக் கேட்டது.

பிறகு மைக். என் தலை இருந்த உயரத்தில்
துணி உலர்த்தும் ஸ்டாண்டில் கட்டினான்.
ஃபேனை நிறுத்து. ஃப்ரிட்ஜை நிறுத்து. மூச்சு விடாதே.
பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக விசிலடித்துக் கேட்டது.
அந்த நிசப்தத்தில்
ஜிடிபி நகரை விட்டு ஒரு லோக்கல் கிளம்பியது.
‘இடது பின்: இணைப்பு தலைகீழ்.’
“வாய்ப்பே இல்ல” என்றான்.
வயரைத் திட்டினான், கடைக்காரனைத் திட்டினான்.
நான் ஸ்டூல் போட்டு ஏறி
கறுப்பில் இருந்த சிவப்பைச் சிவப்பில் சொருகினேன்.
பெட்டி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும்.

ராத்திரி படம்.
நடுவில் அவன். நான் வலது ஓரம்.
அங்கே ஒரு பின் ஸ்பீக்கர்தான் கேட்கும்;
திரையில் பெய்யும் மழை மொத்தமும்
என் ஒரு தோளில் விழும்.
பாதி மழையில்
தோசைக்கல் போட எழுந்தேன்.

யாரோ கதவைத் திறக்கும் காட்சி.
கீல் முனகியது. சட்டென்று திரும்பினான்,
இடது பின், நூற்றுப்பத்து பாகை.
ஃப்ரிட்ஜ் ஓரம் கரண்டியோடு நான்.
“பாத்தியா ட்டி, ஆள் அங்கயே நிக்க மாரியே இருக்கு!”
கண் மின்னத் திரைக்குப் போய்விட்டான்.

“எத்தனை தோசை?” என்றேன்.
திரும்பவில்லை.
குஷனுக்கு அடியில் ரிமோட்டைத் துழாவி
இடது பின்னை
இரண்டு டெசிபல் குறைக்கிறான்.