லைட் பிடிப்பவன்

சத்துவாச்சாரி இரண்டாம் ஃபேஸில்
காலை ஏழு மணிக்கே சிமெண்டுத் தரை சுடுகிறது.
ஆம்னியின் மூக்கு
இம்தியாஸ் கொடுத்த இரண்டு ஸ்டாண்டுகளின் மேல்.
பின்சக்கரங்களுக்கு ஆளுக்கொரு செங்கல்.
ஆம்பூர் ஷூ வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
மல்லாந்து
இடுப்புவரை வண்டிக்கடியில் போய்விட்டாள் பூங்கோதை.
வெளியே தெரிவது என் பழைய பேண்ட்டும்
அவள் பாதங்களும்.

நான் லைட் பிடிக்கிறேன்.
வேறு வேலை எனக்குத் தரப்படவில்லை.
ராணிப்பேட்டையில் வால்வு செய்யும் பட்டறையில்
கசிவு சோதிப்பவள் அவள்.
நாளைக்கு நூற்றிருபது வால்வு,
தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பாள்.
நான் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜில் கணக்கெழுதுபவன்.
மால்டாவிலிருந்து வந்திறங்கும் குடும்பத்திடம்
வெந்நீர் எத்தனை மணிக்கு என்பதை
அவர்கள் பாஷையில் சொல்லத் தெரியும்.
அவ்வளவுதான் என் தொழில்நுட்பம்.

மூன்று மாதமாகச் சொட்டு.
ஹவுஸ் ஓனர் தாமோதரம்
ஒவ்வொரு கறையையும் சாக்பீஸால் வட்டமிட்டு
தேதி எழுதிவிட்டுப் போகிறார்.

பெயின்ட் பக்கெட்டுக்குள் எண்ணெய்
முதலில் கயிறாக இறங்கியது, பிறகு நூலாக,
பிறகு எண்ணி எண்ணி.
அட்டையில் சம்பின் உருவம் வரைந்து
கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும்
அதனதன் இடத்தில் குத்தி வைத்தாள்.
எல்லாம் பத்தாம் நம்பர்.
ஒன்றில் மட்டும் ஸ்பேனர் நுழையவில்லை.

"இன்னாது இது?"

பன்னிரண்டாம் நம்பர் தலை.
மரை போன ஓட்டையில் அடித்து இறக்கி
தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி
மேலே எம்-சீல் அப்பியிருந்தது.
"கம்பெனி சர்வீஸ்ல இப்டியா பண்ணாங்க?"

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
கம்பெனி சர்வீஸ் என்று
இரண்டாயிரத்து எண்ணூறு வாங்கிப் போனவன் நான்.
கொடுத்தது அறுநூறு,
தோட்டப்பாளையத்தில் ஒரு புங்கமரத்தடியில்.
மீதி எங்கே போனது என்று
சத்தியமாக இன்றைக்கு எனக்கே ஞாபகமில்லை.
பணம் போய்விட்டது,
பொய் மட்டும் வண்டிக்கடியில்
முன்னூறு ஸ்கூல் நடை போய் வந்திருக்கிறது.

"லைட்ட ஆட்டாத. ஒயுங்கா புடி."

அதற்கப்புறம் அவள் பேசவில்லை.
மரக்கட்டை வைத்து நாலு பக்கமும் தட்டினாள்.
டொப்பென்று விழுந்தது சம்ப்,
மிச்ச எண்ணெய் அவள் காதுக்குள்.
பாதி கார்க் மேலே, பாதி கீழே.
காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டினாள்,
என்னுடையதுதான் அது,
பெயர் எழுத்துக்கள் கறுப்பாகும் வரை.

பட்டறையிலிருந்து கொண்டுவந்த மரைவெட்டியைத்
துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"எட்டு எம்எம் போல்ட் ஒன்னு. போய் வாங்கினு வா."
செருப்பைப் போட்டபிறகு,
"பில்லோட."

ஞாயிற்றுக்கிழமை. லாங் பஜாரில் மூன்றாவது கடை.
பன்னிரண்டு ரூபாய்க்கு பில்லா என்று சிரித்துவிட்டு
சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.
முத்திரை வேண்டுமென்று நின்றேன்.

புது கேஸ்கெட்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக,
இரண்டு விரலால் மட்டும் முறுக்கினாள்.
"இறுக்கினா பிதுங்கிக்கும்" என்றாள்
எஞ்சினிடம்.
பில் அவள் மேல்பையில் இருந்தது.
சாயங்காலம் எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்து
ஸ்டாண்டை எடுத்து வண்டியை இறக்கினாள்.
நான் அப்போதும் லைட் பிடித்தேன்,
வெளிச்சம் நிறைய இருந்தும்.

ராத்திரி லாட்ஜ் லெட்ஜரில் ஒரு தாள் கிழித்து
வண்டிக்கடியில் விரித்தேன்.
நாலரைக்கு எழுந்து போனால்
அவள் ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தாள்.

தாளில் பொட்டளவு ஈரம்,
ரூம் நம்பர் பன்னிரண்டின் மேல்.
எண்ணெயாக இருக்கலாம்.
மேலே மாமரம் இருக்கிறது, பனியாகவும் இருக்கலாம்.

ஒரு விரலால் தொட்டாள். முகர்ந்தாள்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
அந்த விரலை
என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நீ சொல்லு."