பதினேழாவது பெட்டி

பதினாறு பெட்டிகளாக வந்து இறங்கியது கார்.
பதினேழு என்றுதான் தோர்கெல் எழுதிக் கொடுத்திருந்தார்.
இரண்டு முறை எண்ணினேன்.
"வழியில் விழுந்திருக்கும்" என்றார், கண் சிமிட்டாமல்.
அவர் கொட்டகைக்கும் என் கொட்டகைக்கும்
நாலே கிலோமீட்டர்.

சாப் சோனெட், எழுபத்திரண்டில் செய்தது.
ஆரஞ்சு நிறம். என் இடுப்புயரம்.
மேலுடம்பு கண்ணாடியிழை, துருவுக்கு இடமில்லை.
அடியில் இருந்த இரும்புக்கு அந்த வரம் கிடைக்கவில்லை,
விரலால் குத்தினேன்
பிஸ்கட்டாக உதிர்ந்தது.

பகலில் விஸ்பி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம்,
ஊர் பேர் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகள்.
இரவில் வெல்டிங்.
ஒன்பது குளிர்காலம்.
கையில் பிளீச்சிங் வாடை போய்ப் பெட்ரோல் வாடை வரும்,
அது போய் இது வரும்.
நடுவில் ஒருவன் வீட்டுக்கு வந்தான், பிறகு போனான்.
இரண்டும் நடந்தபோது நான்
காருக்கு அடியில் இருந்தேனாம்.

தோர்கெல் மட்டும் வருடம் தவறாமல் வருவார்.
"பழைய சாமானுக்குள் கிடந்தது"
ஒரு கதவுக் கைப்பிடி. நானூறு குரோனா.
அடுத்த வருடம் கார்புரேட்டர் மிதவை. அறுநூறு.
முகப்பு விளக்கைத் தூக்கும் நெம்புகோலுக்கு
இரண்டாயிரம் கேட்டார்.
விடாக்கண்டனும் கொடாக்கண்டியுமாக
மூன்று கோப்பைக் காப்பி ஆறும்வரை பேசி
ஆயிரத்து எழுநூறில் முடித்தோம்.
அதை இழுத்தால்
வெயிலில் தூங்கியெழும் பூனைபோல
இரண்டு கண்ணும் ஒன்றாகத் திறக்கும்.
கொடுத்த காசு அங்கேயே மறந்துபோயிற்று.

அந்த மே மாதம் தகுதிச் சோதனை.
பிரேக் சரி. புகை சரி.
அடியில் டார்ச் அடித்துப் பார்த்த பெண்
என் வெல்டிங் தையலைக் கட்டைவிரலால் தடவி
ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போனாள்.
ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த
ஒரே பாராட்டு.
பிறகு நிமிர்ந்து, "ஹார்ன்?"

ஸ்டீயரிங் நடுவே ஓட்டை.
ஹார்ன் இருக்கிறது, வயர் இருக்கிறது,
அழுத்தும் குமிழ் மட்டும்
வழியில் விழுந்துவிட்ட பெட்டியில்.
அங்கிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து
உள்ளே விட்டுத் தொட்டுக் காட்டினேன்.
கூடமே திரும்பிப் பார்த்தது.
"ஒலிக்கிறது" என்று எழுதிக்கொண்டாள்.
"குமிழ் ஒன்று வாங்கிவிடுங்கள்."

வெளியே
சாலை.
அதற்கு இவ்வளவு பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை.
சுண்ணாம்புப் புழுதி, ஜூனிப்பர் புதர்கள்,
இடது பக்கம் அவ்வப்போது கடல்.
ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்
இன்ஜினை மறந்துவிட்டுக் கார் தானே வழுக்கிக்கொண்டு போகிறது.
நான் சிரித்தேனா அழுதேனா
கண்ணாடி எதையும் காட்டவில்லை, அது
வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

திருப்பத்தில் ஆடுகள்.
சாம்பல் உடம்பு, கறுத்த முகம், அவசரமே இல்லாத கால்கள்.
ஸ்க்ரூடிரைவர் சோதனைக்கூடத்து மேசையில்.
தலையை வெளியே நீட்டி
"பேப்!" என்று நானே கத்தினேன்.
ஒன்று பதில் சொன்னது.
ஒன்றும் நகரவில்லை.

ஆடுகளுக்கு அந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்தபடி,
தோர்கெல்.
காரைப் பார்த்தார்.
பேரம் இல்லாத அவர் முகத்தை
அன்றுதான் முதலில் கண்டேன்.
ஆடுகளை விலக்கிக்கொண்டு வந்து
கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

குமிழ்.
பெட்டியில் கிடந்த பொருளுக்கு அந்த மினுமினுப்பு வராது.
சாவியோடும் சில்லறையோடும் உரசி உரசி
நடுவில் இருந்த எழுத்து பாதி அழிந்திருந்தது.
"எவ்வளவு?" என்றேன்.
பேசாமல் நின்றார். பிறகு,
"ஸ்லீட்டே வரைக்கும் போய்த் திரும்ப
எவ்வளவு கேட்பாய், ஆல்வி?"

"ஆயிரத்து எழுநூறு."

"ஆயிரத்து இருநூறு" என்றார்
கதவைத் திறந்துகொண்டே.
முழங்காலை மடித்து, முனகி, உள்ளே இறங்கினார்.
சைக்கிள் புதருக்குள் சாய்ந்தது.
"பகலிலும் விளக்கு எரிய வேண்டும், சட்டம் தெரியாதா?"
பார்வை ஆடுகள் மேல்,
கை மட்டும் தானாகப் போய்
நெம்புகோலை இழுத்தது.