மூன்றாவது கம்பம்

சிம்மக்கல்லில் இருந்து யானைக்கல் போகும் வழியில்
மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில்
எனக்குத் தினமும் ஒரு வேலை வந்துவிடும்.
செருப்பு வாரைச் சரிசெய்வேன்.
அஞ்சலிச் சுவரொட்டியில் இருப்பவரைத்
தெரிந்தவர்போலப் பார்ப்பேன்.
வராத அழைப்புக்கு ஹலோ சொல்வேன்,
இடது கெண்டைக்கால் பிடியை விடும்வரை.

இரவில் கட்டிலுக்கு வெளியே
காலைத் தொங்கப்போட்டால்தான் தூக்கம்.
பெருவிரல் நுனி
நாவல்பழம் தின்ற நாக்கைப்போல் ஆனபிறகு
செல்வமேரி ஆட்டோ பிடித்தாள்.
பீடிக்கட்டைப் பாலத்திலிருந்து வைகைக்குள் எறிந்தாள்.
தண்ணீர் இல்லை. மணலில் கிடந்தது.
திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று
இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

"குழாய் அடைப்பு மாதிரிதான், பயப்படாதீங்க"
என்றார் டாக்டர். என்னிடம்.
மாநகராட்சியில் முப்பத்தோரு வருஷம்
தண்ணீர் திறந்துவிட்டவனிடம்.
செல்லூர் கடைசித் தெரு வால்வு
எத்தனை சுற்றுக்கு இறங்கும் என்பது வரை தெரியும்.
வலிக்கிறது என்று எந்தக் குழாயும் சொன்னதில்லை, டாக்டர்.
தோண்டாமல் எப்படி என்று மட்டும் கேட்டேன்.

அடைத்த கால் இடது. துளை போட்டது வலது தொடை இடுக்கில்.
ஆள் மாறிவிட்டதோ என்று பதறினேன்.
நல்ல கால் வழியாக ஏறி
தொப்புளருகே பிரியும் இடத்தில் திரும்பிக்
கெட்ட காலுக்குள் இறங்குமாம் கம்பி.

மருந்து பாய்ந்ததும் காலெல்லாம் வெந்நீர்.
திரையில் சாம்பலாய் என் தொடை,
அதில் கறுப்பாய் ஒரு கோடு,
முழங்காலுக்கு மேலே சட்டென்று ஒன்றுமில்லை.
பக்கத்தில் முடிமுடியாய்ச் சின்னக் கிளைகள்.
யாரும் சொல்லாமலே
இத்தனை நாள் சுற்றுவழியில் சுமந்தவை.

பலூன் என்றார்கள்.
ரீபிள் பருமன்கூட இல்லை.
"வலிக்குதா?"
"வலிக்குது."
"நல்லது, அசையாதீங்க."

மறுபடி மருந்து. கோடு கணுக்கால்வரை ஓடியது.
யாரும் கைதட்டவில்லை.
அடுத்த ஆள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆறு மணி நேரம் வலது காலை மடக்கக்கூடாது.
நர்ஸ் இடது புறங்காலில் விரல் வைத்துத் தேடி
பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.
"இங்க துடிக்குது. அடுத்த டூட்டிக்கு அடையாளம்."

விரல் போனது போனதுதான்.
பீடியும் போனது, முக்கால்வாசி.
கம்பங்கள் இப்போது பதினொன்று.

மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது இன்னும்,
வால்வு திறந்த பழக்கம்.
மை அழிந்த இடத்தில் விரலை வைக்கிறேன்.
இரும்புச் சாவியை இரண்டு சுற்றுத் திருப்பிவிட்டு
கையை எடுக்காமல் நிற்போமே, அப்படி.

செல்வமேரி தூக்கத்தில் கேட்கிறாள்,
"வருதா?"