சலவை அறைக்காரி கரையிறங்கிய நாள்

நீர்மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே
என் வேலை. ஜன்னல் கிடையாது.
நூற்றுப் பதினெட்டு நாளாய் எனக்குக் கிடைத்த காற்று
குழாய் வழியே வந்தது,
பாதி சோப்பு, பாதி டீசல்.

அதனால் படிக்கட்டு முடியும் இடத்தில்
முதல் அறை விழுந்தபோது
யாரோ வேண்டுமென்றே தள்ளியதாய்த்தான் நினைத்தேன்.
திரும்பிப் பார்த்தால் எவருமில்லை.
முன்னால் போன பயணியின் தொப்பி
துறைமுகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
அவர் அதற்குக் கையசைத்தார்.

பயணிகளுக்கு எரிமலை, ஒட்டகச் சவாரி,
குழிக்குள் சருகைப் போட்டால்
தானே பற்றிக்கொள்ளும் வித்தை.
எங்களுக்கு ஆறு மணி நேரம்.
ஊர்ப் பேருந்தை இங்கே குவாகுவா என்கிறார்கள்,
மழலை வைத்த பேர் போல.
ஏறி, கடைசி நிறுத்தம் என்று
விரலால் சொன்னேன்.

வழியெல்லாம் கருப்பு.
உலையை இறக்காமலே வீட்டார் வெளியேறி
ஏறக்குறைய முந்நூறு வருஷம் திரும்பாத கருப்பு.
சாம்பலில் குழி,
குழிக்கு ஒரு திராட்சைக் கொடி,
கொடிக்கு ஓர் அரைவட்டக் கற்சுவர்.
முழுவட்டம் எவரும் கட்டவில்லை.
காற்று எந்தப் பக்கம் வருமென்று
கல்லுக்கும் தெரிந்த ஊர்.

கடைசி நிறுத்தத்தில் வெள்ளை வீடுகள் நாலு, பூட்டிய மதுக்கடை.
அதன் பின்னால், உலர்த்தும் கயிற்றில்,
படுக்கை விரிப்புகள்.

விரிப்பைப் பார்க்கவா வந்தேன்?
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பார்க்கிறேன்.
சூடாய், ஈரமாய், செத்துப்போய் வரும்.
உருளையின் வாய்க்குள் போய்த் தட்டையாய் வெளியேறும்.
இவை உயிரோடிருந்தன.
ஒன்று கழுதை போல் உதைத்தது.
ஒன்று வயிறு தள்ளி நின்று,
சட்டென்று ஒன்றுமில்லையென்றாகி,
மறுபடி வயிறு தள்ளியது.
விரிப்புக்கு ஒன்பது கவ்விகள்.
எண்ணினேன். தொழில் புத்தி.

ஒன்பதும் போதாமல் ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து
என் முகத்தில் அப்பியது.
விலக்கினால் எதிரே ஒருத்தி,
பல்லிடுக்கில் இரண்டு கவ்வி.
கத்தினாள். காற்று தின்றது.
குவாசிமாரா என்ற பேரை மட்டும் மூன்றாம் முறை பிடித்தேன்.
சட்டையில் நான் கழற்ற மறந்த பட்டையைப் படித்து
"லுஸ்" என்றாள், சூரியனைக் காட்டினாள்.
முழுப்பேர் லுஸ்விமிண்டா, பட்டையில் இடமில்லை
என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை.

தேடினால் கொஞ்சம் இருந்தது.
இவர்கள் மொழி ஒருகாலத்தில்
எங்கள் தீவுகளில் துப்பாக்கியோடு இறங்கியது,
போகும்போது சில சாமான்களை விட்டுப் போனது.
மேசைக்கு மெசா என்றாள். மெசா என்றேன்.
கரண்டி ஒத்துப்போனது. சோப்பு, கிட்டத்தட்ட.
ஜன்னல்கூட ஒத்துப்போனது,
பிந்தானா என்று நான் சொன்னதும் கைதட்டினாள்.
காற்றுக்கு வந்தோம்.
அவள் வியெந்தோ என்றாள், நான் ஹங்கின் என்றேன்.
ஒட்டுமில்லை உறவுமில்லை.
அதை எவனும் எங்களுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

பிறகு பேசவில்லை. மடித்தோம்.
இரு முனை அவள், இரு முனை நான்.
இழுத்து, உதறி, நடந்துபோய்
என் முனைகளை அவள் கையில் கொடுத்து,
தொங்கும் மடிப்பைக் குனிந்தெடுத்துப்
பின்வாங்கி, மறுபடியும்.
உருளை இதைவிட வேகம்.
ஆனால் அது நெருங்கி வரும்போது சிரிக்காது.
மூன்றாவது விரிப்பில் என் கண்ணில் சாம்பல் விழுந்தது.
நாலாவதில், கேட்காமலே,
இடம் மாறி நின்றாள்.
என் பக்கம் காற்று குறைந்தது.

கப்பல் வாசலில் என் சட்டைப்பை பீப்பென்றது.
காவலன் துழாவி எடுத்தான்:
கம்பிச்சுருள் வைத்த மரக் கவ்வி ஒன்று.
"கீழே இதை வைத்து எதைக் காயப்போடுவாய்?"

ஐந்து மணிக்கு ஷிப்ட்.
பயணிகள் எல்லோரும் அன்று சாம்பலோடு படுத்திருந்தார்கள்.
மேற்பார்வையாளர் ஒரு விரிப்பை விளக்கடியில் பிடித்து
இது என்ன கறை என்றார்.
எனக்குத் தெரியும்.
உதறினால் போய்விடும் என்றேன்.