உத்தரவாத மேசை

ஓரிகனில், நெடுஞ்சாலைக்குப் பின்னால், தகரக் கூரை.
அக்டோபரில் பிடித்த மழை.
என் மேசைக்கு வருபவை எல்லாம் அடிபட்டவை:
தபால் உறையில், காலுறையில்,
ஒருமுறை ரொட்டிப் பையில் சுற்றி.

காலையில் முதலாவது, ஆஸ்டோரியாவின் நண்டுப் படகிலிருந்து.
'துருப்பிடிக்காது என்றீர்களே' என்று
அர்வித் லிண்ட்ஹோம் பெரிய எழுத்தில் கேட்கிறார்.
சொன்னோம்தான்.
கடலிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.
சுழல் ஆணியில் உப்பு, ஒரு செதில், மிளகளவு பழுப்பு.
பழைய டூத் பிரஷ் போதும்.

அடுத்தது மரமேறிக் கிளை வெட்டும் ஒருத்தியுடையது.
'பூட்டு கைவிட்டது. நான்கு தையல். டார்சி வோல்க்.'
திருகுகளைக் கழற்றினேன்.
கைப்பிடிக்குள் மெல்லிய தகடொன்று
வில்லாகத் தாவி, விரிந்த அலகின் அடியில்
முட்டுக் கொடுக்க வேண்டும்.
தகட்டுக்கும் அடிக்கும் நடுவே
மரத்தூள், சிட்டிகைப் பஞ்சு,
ஜீன்ஸ் பையின் நீல நூல்.
பூட்டு தோற்கவில்லை, டார்சி.
பூட்டை நூல் எட்ட விடவில்லை.
மயிரிழையில் தப்பியவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள்;
தப்பாதவர்கள் எனக்கு எழுதுகிறார்கள்.

டைட்டானியத்துக்கு வேறு சுபாவம்.
கைப்பிடியையே கீறி நாக்காக வளைத்திருப்போம்.
எஃகைத் தொட்டால் அது விடாது;
மூடப் போனால் கிறீச்சென்று முரண்டும்.
மருந்து என் சட்டைப்பையில்: பள்ளிக்கூடப் பென்சில்.
தொடும் முகத்தில் இரண்டு கிறுக்கல். இளகிவிடும்.
இதை ரசீதில் என்னவென்று போடுவது என
கணக்குப் பிரிவு மூன்று வருடமாகக் கேட்கிறது.

குறுக்குக் கம்பிப் பூட்டில் இரண்டு வில்கள்.
ஒன்று ஒடிந்தாலும் மற்றது தாங்கும்,
உடையவருக்கே தெரியாது.
எனக்குக் காதில் தெரியும்:
'டக்' கொஞ்சம் 'டொக்' ஆகியிருக்கும்.

கடினமான எஃகு கேட்பார்கள். கொடுப்போம்.
பெயிண்ட் டப்பாவை நெம்பிப் பல் உடைந்து திரும்பும்.
மென்மையானது வளையும், தீட்டினால் மன்னிக்கும்.
எது நல்லது என்று கேட்டால்
எதை நெம்பப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

மதியம் ஒரு கடிதம், ஹட்டர்ஸ்ஃபீல்டிலிருந்து.
'பேருந்தில் தோட்டத்துக்குப் போகிறேன்,
விதைக்கிழங்கு மூட்டையின் கயிறு அறுக்க.
இங்கே சட்டம் பூட்டு வைத்த கத்தியைச்
சும்மா பையில் கொண்டுபோக விடாது.
பூட்டை மட்டும் எடுத்துத் தர முடியுமா?
அன்புடன், செட்ரிக் ஆக்ராய்டு.'

பதினோரு வருடம். முதுகில் தட்டி,
எடை தொங்கவிட்டு, குலுக்கி,
பிடிக்கிறதா பிடிக்கிறதா என்று மட்டுமே பார்த்த கை இது.
விடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
தகட்டைப் பின்னுக்கு வளைத்தேன்.
பத்து நொடி வேலை.
திறந்தேன், அழகாகத் திறந்தது.
மேசையிலிருந்த நைலான் கயிற்றில் வைத்து அழுத்தினேன்.

பக்கத்து மேசை வெண்டல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டான்.
ஒன்றும் கேட்கவில்லை; அது அவன் குணம்.

பூட்டை எடுத்த கத்தி
பூட்டில்லாத கத்தி ஆகிவிடாது.
அதற்கு முதுகிலேயே தடித்த வில் வேண்டும்,
பாதி மூடுகையில் ஒருதரம் நின்று
'விரலை எடு' என்று சொல்லத் தெரிய வேண்டும்.
வேறு எலும்பு. வேறு பிறப்பு.
பிடித்துக்கொள்கிறேன் என்று அது
ஒருபோதும் வாக்குக் கொடுப்பதில்லை;
ஆகவே கை விழித்திருக்கும்.
இதுவோ வாக்குக் கொடுத்தே வளர்ந்தது.

தகட்டை முன்னுக்கு நிமிர்த்தினேன்.
மூடினால், சிறகுக்குள் அலகைச் செருகி
உறங்கும் வாத்து மாதிரி இருந்தது.
திறந்தேன். டக்.
இன்னொரு முறை, மனசுக்காக. டக்.

'ஐயா, மன்னிக்கவும். இது தோட்டத்திலேயே இருக்கட்டும்.
பேருந்துக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.
எங்களிடம் அப்படி ஒன்று இல்லை.'
கடைசி வரியை மேலாளர் அடிக்கச் சொல்வார்.
அவர் பார்க்குமுன் ஒட்டிவிட்டேன்.

நான்கு மணிக்கே இருட்டு.
கூடையில் இன்னும் ஒன்பது உறைகள்.
அவற்றைப் பிரிக்க நான் வைத்திருப்பது
கத்தரிக்கோல்.