பிணைச்சல்

பூட்டு சரியாக இருந்தது.
சீல் கம்பி அறுபடவில்லை.
அதன் ஏழு இலக்கமும் இன்வொய்சின் ஏழும்
ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டின.
இருந்தும் பேலியகொடை களஞ்சியத்தில்
இரண்டு சாக்குத் தூள் குறைந்தது.

காவலுக்குப் போனவன் நான்.
ஆகவே கேள்வி எனக்கு.
லயத்துக்கு வந்தார்கள்.
அரிசி வாளிக்குள் கைவிட்டார்கள்,
கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்தார்கள்.
எங்கள் போத்தலில் கிடந்ததை
உள்ளங்கையில் கொட்டி மணந்த டீமேக்கர்
"இது நம்ம ஸ்டோர்த் தூள் இல்ல" என்றார்.
இல்லைதான்.
இந்த மலையில் வாட்டி உருட்டிச் சுட்ட முதல் ரகத்துக்கு
எங்கள் கேத்தலின் வழி தெரியாது.
வாசலில் நின்று எனக்காக வாதாடியவர்
டிரைவர் அமலதாஸ் அண்ணன் ஒருவர்தான்.
"இவன் எடுக்கல, எனக்குத் தெரியும்" என்றார்.

ஒரு மாதம் அந்தக் கதவையே நினைத்துக் கிடந்தேன்.
ஓர் இரவு பிடிபட்டது:
கதவு திறக்கும் பக்கத்தையே எல்லாரும் பார்க்கிறோம்.
தொங்கும் பக்கத்தை யார் பார்த்தது?
நாலு பிணைச்சல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட்,
பதினாலாம் நம்பர் ஸ்பெனர் ஒன்று,
இருட்டில் பத்து நிமிஷம்.
பூட்டைத் தொடாமலே கதவு கழன்று வரும்;
பிறகு நல்ல பிள்ளையாய்த்
திரும்பப் பொருந்தி நிற்கும்.

நிரோஜினி கட்டுநாயக்காவிலிருந்து லீவில் வந்து
மறந்துவிட்டுப் போன கியூடெக்ஸ்
ஜன்னல் விளிம்பில் இருந்தது. கடும் சிவப்பு.
அடுத்த லோட் ஏற்றி, சீல் போட்டு,
எல்லாரும் போன பிறகு
எட்டு போல்டுக்கும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன்,
தலையும் தகரமும் சேரும் இடத்தில்.
ஸ்டோர் தகரத்தில் மழை இரைய
ஊதி ஊதிக் காயவைத்தேன்.

வட்டவளையில் மழைக்குள் மிஸ்ட்.
வளைவில் வண்டி நடை வேகத்துக்கு இறங்கும்போது
பின்னால் யாரும் தொற்றுகிறார்களா என்று
தலையை வெளியே விட்டுப் பார்ப்பேன்.
அதற்குத்தான் சம்பளம்.
களவு வெளியிலிருந்துதான் ஏறும் என்று
அந்தச் சம்பளம் நம்புகிறது.

கினிகத்தேனையில் கடை.
"நீ போய்ச் சாப்பிடு தம்பி,
நான் டயரைப் பாத்துட்டு வாறேன்."
ரொட்டி, கட்டச் சம்பல்.
மூன்றாவது வாய்க்கு மேல் இறங்கவில்லை.
கை கழுவாமலே வெளியே வந்தேன்.

அவர் முன் டயரடியில் நின்றார்.
நான் பின்னால் போய்
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன்.
மேல் பிணைச்சல், சிவப்பு முழுசாக.
அதற்கடுத்ததும்.
மூன்றாவதில்
மயிரளவு ஒரு வெடிப்பு.
போல்ட் கால் சுற்றுத் திரும்பியிருந்தது.

இவன் எடுக்கல, எனக்குத் தெரியும்.
ஆமாம் அண்ணன்.
உங்களுக்குத்தானே தெரியும்.

நான் கத்தவில்லை. போன் எடுக்கவில்லை.
அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.
மழை அவர் மூக்கு நுனியில் நின்று நின்று விழுந்தது.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஸ்பெனர் வந்தது.
உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.
இறுக்கினேன்.
சட்டைப் பையிலிருந்த சின்னப் போத்தலைத் திறந்து
குடை மறைவில், அவர் பார்க்கப் பார்க்க,
இன்னொரு சொட்டு வைத்தேன்.
குடையைப் பிடித்தவர் அவர்தான்.

கித்துல்கலை தாண்டும்வரை பேச்சில்லை.
ஆறு மட்டும் பக்கத்தில்
ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது.
"என்ன மணக்குது?" என்று ஒரு தரம் கேட்டார்.
"கியூடெக்ஸ்."
கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

பேலியகொடையில் எண்ணினார்கள்.
எல்லாம் இருந்தது.
சீல் இலக்கத்தை உரக்க வாசித்துப்
பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.
கதவின் மற்றப் பக்கத்துக்கு
ஒருவரும் வரவில்லை.

ஸ்பெனர் என் பையில் கிடக்கிறது.
அவர் கேட்கவில்லை.
அடுத்த லோட் வியாழக்கிழமை.
போத்தலில்
அரைவாசிதான் மிச்சம்.